அந்த ஓட்டையை ஏன் அடைச்சீங்க?

எங்கள் வீட்டு மொட்டை மாடியில் ஏறி நின்றால் மெயின் ரோடு தெரியும். பஸ் ஸ்டாப் தெரியும். அம்மா வேலை செய்யும் கம்பெனியின் ஷிஃப்ட் பஸ் வந்து நிற்பது தெரியும். அம்மா அதிலிருந்து இறங்குவதுகூடத் தெரியும். ஆனா அங்கிருந்து வீட்டுக்கு வந்து சேர அம்மாவுக்கு 20 நிமிஷத்துக்கு மேல் ஆகும்.

ரொம்ப தூரமா என்றால், இல்லை. ஸ்டாப்புக்கும் எங்கள் வீட்டுக்கும் நடுவில் 200 மீட்டர்தான். நடுவில் ஒரு காம்பவுண்டு சுவர் இருக்கிறது. சுவருக்கு அந்தப் பக்கம் இன்னொரு பழைய நகர். அந்த நகரின் தெரு நேராக மெயின் ரோட்டில் போய் ஏறும். எங்கள் தெரு சுவரின் இந்தப் பக்கம் முட்டி நிற்கும். அதனால் அம்மா மெயின் ரோட்டிலேயே நடந்து, எங்கள் நகரின் ஆர்ச் வரை போய், உள்ளே நுழைந்து, திரும்பக் கடைசி வரை நடந்து வர வேண்டும். போன் வைத்து அளந்து பார்த்தேன். 1.7 கிலோமீட்டர்.

இரண்டு வருஷம் முன்னால் வரைக்கும் இந்தப் பிரச்சினை இல்லை. சுவரில் ஒரு ஓட்டை இருந்தது. யார் இடித்தார்கள் என்று தெரியாது. ஒரு ஆள் குனிந்து நுழையலாம், சைக்கிளைச் சாய்த்துத் தள்ளலாம், அவ்வளவுதான் அகலம். அம்மா அதில்தான் வருவார். பால்காரர் வருவார். ஸ்கூல் பசங்க வருவாங்க. அந்தப் பக்கம் லைன் வீடுகளில் தங்கியிருக்கும் ஒடிசா, பீகார் தொழிலாளர்களும் எங்கள் நகரில் இருக்கும் மளிகைக் கடைக்கு அதன் வழியாகத்தான் வருவார்கள்.

அப்புறம் எங்கள் நகரில் இரண்டு பைக் திருடு போனது. அசோசியேஷன் கூட்டம் போட்டார்கள். ஓட்டையை அடைக்கத் தீர்மானம். செங்கல், சிமெண்ட், கொத்தனார் கூலி எல்லாம் சேர்த்து ஒரே நாளில் வேலை முடிந்தது. அந்தச் செலவுக் கணக்கை எழுதியவர் பொருளாளர். அந்தப் பொருளாளர் எங்க அப்பா.

அப்பா இதைப் படிப்பார். அதனால முதலிலேயே சொல்லிடறேன், இது அவருக்கு எதிரா எழுதினது இல்லை. நான் சிவில் ஃபைனல் இயர். ஒரு ஊர் வளரும்போது அதன் தெருக்கள் என்ன ஆகின்றன என்பதுதான் என் ப்ராஜெக்ட். ஆரம்பிக்கும்போது சாஃப்ட்வேர் வைத்து ஏதோ கணக்குப் போடப் போகிறேன் என்றுதான் நினைத்தேன். கடைசியில் அது எங்கள் வீட்டுச் சுவரில் வந்து நின்றது. உங்கள் வீட்டுப் பக்கமும் இப்படி ஒரு சுவர் இருக்கும் என்பதால்தான் இங்கே எழுதுகிறேன்.

*ஒரு பேப்பர் எடுங்க*

பேப்பரில் வரிசைக்கு 4 வீதம் 4 வரிசை, மொத்தம் 16 புள்ளி வையுங்கள். கோலத்துக்கு வைப்போமே, அப்படி. பக்கத்துப் பக்கத்துப் புள்ளிகளை எல்லாம் குறுக்கும் நெடுக்குமாகக் கோடு போட்டு இணையுங்கள். எண்ணினால் 24 கோடு வரும். புள்ளிகள்தான் தெருச் சந்திப்புகள், கோடுகள்தான் தெருக்கள்.

இப்போ ஒவ்வொரு கோடாக அழியுங்கள். ஒரே கண்டிஷன், எந்தப் புள்ளியும் தனியாக அறுந்து போகக் கூடாது. எத்தனை அழிக்க முடியும்? 9. மிச்சம் 15 கோட்டிலேயே 16 புள்ளியும் சேர்ந்துதான் இருக்கும்.

பத்திரத்தில் பார்த்தால் இரண்டு படத்துக்கும் வித்தியாசமே தெரியாது. எல்லா வீட்டுக்கும் ரோடு இருக்கிறது. ஆனால் முதல் படத்தில் எந்த ஒரு கோட்டை அழித்தாலும் யாரும் மாட்டிக்கொள்ள மாட்டார்கள். சுற்றிக்கொண்டு போக இன்னொரு வழி இருக்கும். இரண்டாவது படத்தில் ஓர் இடத்திலிருந்து இன்னோர் இடத்துக்கு ஒரே ஒரு வழிதான். நடுவில் பாதாளச் சாக்கடைக்கு ஒரு பள்ளம் தோண்டினால் போதும், அதற்குப் பின்னால் இருக்கும் அத்தனை பேரும் காலி. இரண்டு புள்ளி அடுத்தடுத்து ஒட்டி இருந்தாலும், ஒன்றிலிருந்து மற்றதுக்குப் போக ஊரைச் சுற்ற வேண்டி வரலாம். எங்க அம்மா மாதிரி.

சிஎஸ்இ பசங்களுக்கு இந்த இரண்டாவது படம் செகண்ட் இயரிலேயே தெரியும். அதன் பேர் ட்ரீ. நமக்குப் புரிய முருங்கைக் கீரை ஈர்க்கே போதும். ஒரு தடித்த காம்பு, அதிலிருந்து கிளைக் காம்பு, அதிலிருந்து சின்னக் காம்பு, நுனியில் இலை. ஓர் இலையில் இருக்கும் எறும்பு பக்கத்து இலைக்குப் போக வேண்டுமானால் காம்பு வரை இறங்கித்தான் ஏற வேண்டும்.

கிறிஸ்டோபர் பாரிங்டன்-லீ, ஆடம் மில்லர்ட்-பால் என்று இரண்டு ஆராய்ச்சியாளர்கள் உலகம் முழுக்க இருக்கும் தெருக்களை இந்தக் கண்ணோடு அளந்தார்கள். அந்தக் கட்டுரை 2020-ல் பிஎன்ஏஎஸ் இதழில் வந்தது. அவர்கள் பார்த்தது மூன்று விஷயம்: எத்தனை முட்டுச்சந்து இருக்கிறது, ஒரு சந்திப்பில் எத்தனை தெரு சேர்கிறது, நேர் தூரத்தைவிட எவ்வளவு சுற்ற வேண்டியிருக்கிறது. 1975-க்குப் பிறகு உலகின் பெரும்பகுதியில் புதிதாகப் போடும் தெருக்களில் இணைப்பு குறைந்துகொண்டே வருகிறது என்று கண்டார்கள். அமெரிக்காவைப் பற்றித் தனியாக 2015-ல் எழுதியிருந்தார்கள். அங்கே 1990-களின் நடுவில் நிலைமை உச்சத்துக்குப் போய், அதற்கப்புறம் புதுத் தெருக்கள் கொஞ்சம் கொஞ்சமாகத் திருந்த ஆரம்பித்திருக்கின்றன.

அவர்கள் சொன்னதில் என்னைப் பயமுறுத்தியது ஒன்றுதான். தெரு ஒரு தடவை போட்டால் போட்டதுதான். வீட்டை இடித்துக் கட்டலாம், கடையை மாற்றலாம், பஸ் ரூட்டைக்கூட மாற்றலாம். தெருவின் வடிவம் அப்படியே நின்றுவிடும், ஏனென்றால் அதன் இரண்டு பக்கமும் யாரோ ஒருவரின் பட்டா நிலம். அதாவது இன்றைக்கு நம் பக்கம் லேஅவுட் போடுகிறவர் நம் பேரப்பிள்ளைகள் நடக்கும் தூரத்தையும் சேர்த்துத்தான் முடிவு பண்ணுகிறார்.

*தேர் ரிவர்ஸ் எடுக்காது*

இந்த வடிவத்தைப் புரிந்துகொள்ள லேப்டாப் தேவையில்லை. திருவள்ளூர் வீரராகவப் பெருமாள் கோயில் பக்கம் ஒரு நடை போனால் போதும். அமாவாசைக்கு மட்டும் வேண்டாம், நடக்கவே இடம் இருக்காது.

அங்கே தேரடியில் கிளம்பும் தேர் குளக்கரை, பஜார் என்று சுற்றி வந்து மறுபடி நிலைக்கு வரும். தேரை யாராலும் ரிவர்ஸ் எடுக்க முடியாது. முட்டுச்சந்தில் போய் மாட்டினால் முடிந்தது கதை. அதனால் கோயிலைச் சுற்றி இருக்கும் வீதி ஒரு சுற்றாக இருந்தே ஆக வேண்டும். அகலமாகவும் இருக்க வேண்டும். மற்ற தெருக்கள் எல்லாம் அந்தச் சுற்றில் வந்து சேரும். தமிழ்நாட்டின் பழைய கோயில் ஊர்கள் பலவும் இப்படித்தான்.

பழங்காலம் பொற்காலம் என்று சொல்ல வரவில்லை. அந்த வீதிகளில் யார் நடக்கலாம், யார் நடக்கக் கூடாது என்று வைத்திருந்த அநியாயம் நமக்குத் தெரியும். வடிவத்தை மட்டும் பாருங்கள் என்கிறேன். தேருக்குப் பொருந்தும் விதி ஆம்புலன்ஸுக்கும் பொருந்தும். தண்ணி லாரிக்கும் குப்பை வண்டிக்கும் மினி பஸ்ஸுக்கும் பொருந்தும். ஒரு பக்கம் நுழைந்து இன்னொரு பக்கம் வெளியே வர முடிந்தால்தான் மினி பஸ் உங்கள் தெருவுக்குள் வரும். ரிவர்ஸ் எடுத்துத்தான் திரும்ப வேண்டும் என்றால் மெயின் ரோட்டிலேயே நின்றுவிடும்.

அதற்கப்புறம் திருவள்ளூர் எப்படி வளர்ந்தது என்று பாருங்கள். முதலில் கோயிலும் பஜாரும். பிறகு திருத்தணி ரோடு, ஆவடி ரோடு, ஊத்துக்கோட்டை ரோடு என்று ஊரை விட்டு வெளியே போகும் ரோடுகளின் ஓரம் கடையும் வீடும் நீண்டன. ரயில் பாதைக்கு அந்தப் பக்கம் மணவாளநகர். காக்களூர் பக்கம் சிட்கோ தொழிற்பேட்டை. 1997-ல் பழைய செங்கல்பட்டு மாவட்டத்தைப் பிரித்துத் திருவள்ளூரைத் தலைநகராக வைத்து மாவட்டம் அமைத்தார்கள். கலெக்டர் ஆபீஸ், கோர்ட் எல்லாம் வந்தன. 2011 கணக்கெடுப்பில் நகராட்சியின் மக்கள்தொகை சுமார் 56,000. ஆனால் புது வீடுகளில் பெரும்பகுதி நகராட்சி எல்லையைத் தாண்டி, பஞ்சாயத்துகளில், வயலாக இருந்த நிலத்தில் எழும்பின. அங்கே சுற்று கிடையாது, காம்புதான்.

கும்மிடிப்பூண்டிக்குக் கோயில் வீதி கதை இல்லை. இங்கே ஊரை வளர்த்தது சிப்காட். வடக்கு தெற்காகப் போகும் ஆறு வழி கல்கத்தா நெடுஞ்சாலை ஒன்று, கூடூர் ரயில் பாதை ஒன்று. இரண்டையும் நினைத்த இடத்தில் கடக்க முடியாது. பாலம், சுரங்கப்பாதை இருக்கும் இடத்தில்தான் கடக்கலாம். சிப்காட்டுக்குள்ளே போய்ப் பாருங்கள், திட்டம் போட்டுப் போட்ட அகலமான ரோடு, ட்ரெய்லர் லாரி தாராளமாகத் திரும்பும். அந்த லாரியில் லோடு ஏற்றுகிறவர்கள் தங்கியிருக்கும் தெருவுக்கு அந்த யோகம் இல்லை. அங்கே ஆட்டோ திரும்பவே மூன்று தடவை முன்னும் பின்னும் போக வேண்டும். லாரிக்குத் திட்டம் போடத் தெரிந்த நமக்கு மனுஷனுக்குப் போடத் தெரியாமல் போகுமா?

*ஏன் இப்படி ஆகிறது?*

வில்லன் யாரும் கிடையாது. அதுதான் இதில் கஷ்டம்.

ஒருவர் 3 ஏக்கர் வயலை வாங்குகிறார். அது சில சர்வே நம்பர்கள். அதன் எல்லைக்குள் ரோடு வரைந்து, மனை பிரித்து, டிடிசிபி அப்ரூவல் வாங்குகிறார். பெரிய லேஅவுட் என்றால் 10 சதவீதம் பொது இடம் விடுகிறார். ரேராவில் பதிவு பண்ணுகிறார். எல்லாம் சட்டப்படி சரி. பக்கத்து நிலம் இன்னும் வயல். அந்தப் பக்கம் ரோடு எடுத்து என்ன லாபம்? ஒரு மனை குறையும். அதற்குப் பதில் சுவர் வைத்தால் விலை ஏறும். விளம்பரத்தைப் பாருங்கள்: நாலு பக்கமும் காம்பவுண்டு, பிரம்மாண்ட ஆர்ச், 24 மணி நேர செக்யூரிட்டி.

அஞ்சு வருஷம் கழித்து பக்கத்து வயலும் லேஅவுட் ஆகிறது. அவரும் சுவர் வைக்கிறார். இரண்டு சுவருக்கும் நடுவில் ஒன்றரை அடி இடைவெளி, அதில் குப்பை. ஒவ்வொரு லேஅவுட்டையும் தனித்தனியாகப் பார்த்தால் உள்ளே கட்டம் கட்டமாக அழகாகத்தான் இருக்கும். பத்து லேஅவுட்டைச் சேர்த்து மேலிருந்து பார்த்தால் முருங்கை ஈர்க்கு. ஒவ்வொரு அப்ரூவலும் ஓர் இலையைத்தான் பார்க்கிறது, முழு ஈர்க்கை யாரும் பார்ப்பதில்லை.

இதில் அப்ரூவலே இல்லாத மனைகள் இன்னொரு கதை. 2016 செப்டம்பரில் சென்னை உயர் நீதிமன்றம் அங்கீகாரமில்லாத மனைகளைப் பதிவு செய்யத் தடை போட்டது. எங்கள் தெருவில் அப்போது பாதிப் பேருக்குத் தூக்கம் போனது என்று அப்பா சொல்வார். 2017-ல் அரசு வரன்முறைத் திட்டம் கொண்டுவந்தது. 2016 அக்டோபர் 20-க்கு முன் பதிவான மனைகளுக்குக் கட்டணம் கட்டி ஒழுங்கு பண்ணிக்கொள்ளலாம். மனை வாங்கி ஏமாந்த சாதாரண ஜனங்களுக்கு அது தேவைதான், மறுக்கவில்லை. ஆனால் ரோடு எந்த நிலையில் இருந்ததோ அந்த நிலையிலேயே ஏற்றுக்கொள்ளப்பட்டது. பத்திரம் ஒழுங்காச்சு, முட்டுச்சந்து முட்டுச்சந்தாகவே நிரந்தரமாச்சு.

நமக்கு வேறு மாதிரி செய்யத் தெரியாதா? தெரியும். 1920-ல் மதராஸ் நகரமைப்புச் சட்டம் வந்தது. அதன் கீழ் வந்ததுதான் நாம் தீபாவளிக்குத் துணி எடுக்கப் போகும் தி.நகர். பனகல் பூங்காவை நடுவில் வைத்து, முதலில் தெரு, பிறகு மனை என்று போட்ட ஊர். ஏரியைத் தூர்த்துப் போட்டது பெரிய தப்பு, அதை மறைக்க வேண்டாம். ஆனால் நூறு வருஷம் ஆகியும், அங்கே ஒரு தெருவில் அடைப்பு என்றால் அடுத்த தெருவில் போகலாம். குஜராத்தில் டவுன் ப்ளானிங் ஸ்கீம் என்று இன்றைக்கும் செய்கிறார்கள். பல பேர் நிலத்தைச் சேர்த்து, மொத்தமாகத் தெரு வரைந்து, அளவு குறைந்த ஆனால் ரோட்டு முகப்புள்ள மனையாகத் திருப்பித் தருவது. அகமதாபாத்தின் ரிங் ரோட்டுக்கே அப்படித்தான் நிறைய நிலம் வந்தது. நம்முடைய 1971 நகர் ஊரமைப்புச் சட்டத்திலும் தெரு அளவுக்கு இறங்கித் திட்டம் போட இடம் இருக்கிறது. போட வேண்டும், அவ்வளவுதான்.

*மாவட்டமே ஒரு ஈர்க்கு*

இன்னொரு வேடிக்கை சொல்கிறேன். நம்ம காலேஜ் பஸ்ஸில் கும்மிடிப்பூண்டி பக்கத்திலிருந்து வருகிறவர்களுக்கு இது நல்லாத் தெரியும்.

கும்மிடிப்பூண்டியும் திருவள்ளூரும் ஒரே மாவட்டம். நேர்கோட்டில் அளந்தால் 40 கிலோமீட்டர்கூட இல்லை. இரண்டு ஊரிலும் மின்சார ரயில் ஓடுகிறது. ஆனால் ரயிலில் போக வேண்டும் என்றால்? பொன்னேரி, மீஞ்சூர், எண்ணூர் என்று சென்னை வரை இறங்கி, அங்கே வண்டி மாறி, அம்பத்தூர், ஆவடி என்று மறுபடி மேலே ஏற வேண்டும். கிட்டத்தட்ட 90 கிலோமீட்டர். அதனால்தான் எல்லாரும் பெரியபாளையம் வழியாக பஸ்ஸில் குலுங்கிக்கொண்டு வருகிறோம். கலெக்டரிடம் மனு கொடுக்கப் போகும் கும்மிடிப்பூண்டி பாட்டியும் அப்படித்தான் போகிறார். இரண்டு இலை, காம்பு சென்னையில்.

இதைச் சரிசெய்யத்தான் இப்போது சென்னை எல்லைச் சாலை வருகிறது. எண்ணூர் துறைமுகத்தில் ஆரம்பித்து தச்சூர், திருவள்ளூர், ஸ்ரீபெரும்புதூர், சிங்கப்பெருமாள் கோவில் வழியாக மாமல்லபுரம் வரை சுமார் 133 கிலோமீட்டர். கன்டெய்னர் லாரி சென்னைக்குள் நுழையாமல் சுற்றிப் போகலாம். பேப்பரில் நாம் அழித்த கோட்டை அரசாங்கம் பல ஆயிரம் கோடி செலவில் மறுபடி வரைகிறது. நல்ல விஷயம். தேவையான விஷயம்.

ஆனால் அந்த ரோடு வருகிறது என்ற பேச்சைக் கேட்டே அதன் இரண்டு பக்கமும் என்ன முளைக்கிறது என்று பஸ் ஜன்னல் வழியாகப் பாருங்கள். கொடி கட்டிய மனைகள். ஒவ்வொன்றுக்கும் ஓர் ஆர்ச், ஒரு வழி, சுற்றிலும் சுவர். மேலே பெரிய சுற்றைப் போட்டுக்கொண்டே கீழே ஆயிரம் சின்னச் சுற்றுகளை அடைத்துக்கொண்டு வருகிறோம். 2022-ல் சென்னைப் பெருநகர எல்லையை 1,189 சதுர கிலோமீட்டரிலிருந்து 5,904 ஆக விரித்தார்கள். அதில் திருவள்ளூரும் வருகிறது, கும்மிடிப்பூண்டியும் வருகிறது. அந்த 5,904-ல் நிறைய நிலம் இன்னும் வயல்தான். அதாவது நம் பக்கத்தில் பெரும்பாலான தெருக்கள் இன்னும் போடப்படவே இல்லை. தி.நகர் மாதிரி யோசிக்க வேண்டுமானால் இப்போதுதான் நேரம். போட்ட பிறகு பேசிப் பிரயோஜனம் இல்லை.

*அப்பா கட்சி*

அப்பா சொல்வதிலும் நியாயம் இருக்கிறது. முட்டுச்சந்து என்றால் அமைதி. குழந்தைகள் தெருவில் விளையாடலாம். வழியைத் திறந்தால் மெயின் ரோடு ஜாமாகும்போதெல்லாம் லாரியும் வேனும் குறுக்கு வழி என்று உள்ளே புகுந்துவிடும். பைக் திருடு போனதும் உண்மை.

லாரிக்குப் பதில் சுலபம். இரண்டு கல் தூண் நடுங்கள். நடுவில் ஒரு பைக் போகும் இடைவெளி போதும். நடக்கிறவர்களுக்கும் சைக்கிளுக்கும் பைக்குக்கும் வழி, லாரிக்கு இல்லை. ஆம்புலன்ஸுக்கு வேண்டுமானால் ஒரு தூணைக் கழற்றி மாட்டுகிற மாதிரி வைத்துச் சாவியைப் பக்கத்து வீட்டில் கொடுக்கலாம். வழியைத் திறப்பது என்றால் ஹைவே போடுவது இல்லை.

திருட்டுக்கு? ஓட்டையை அடைத்ததற்குப் பிறகும் எங்கள் நகரில் ஒரு வண்டி போனது. ஆர்ச் வழியாகத்தான் போயிருக்க வேண்டும், வேறு வழியே இல்லையே. ஆள் நடமாட்டம் இருக்கும் தெருவில் திருடன் யோசிப்பான். ராத்திரி பத்தரை மணிக்கு ஷிஃப்ட் முடிந்து நாலு பேர் நடந்து வரும் தெரு, யாருமே வராத தெருவைவிடப் பாதுகாப்பு. இப்போது அந்த நாலு பேரும் வெளிச்சம் இல்லாத மெயின் ரோட்டு ஓரத்தில், லாரிகள் உரசிக்கொண்டு போக நடக்கிறார்கள். திருட்டுப் பயத்தை நாங்கள் அம்மாவின் தலையில் வேறு பயமாக மாற்றி வைத்துவிட்டோம்.

இன்னொன்றையும் சொல்லியாக வேண்டும். அந்தக் கூட்டத்தில் "திருடன்" என்ற வார்த்தையைவிட "வடக்கத்திப் பசங்க" என்ற வார்த்தைதான் அதிகம் வந்தது. திருடினவன் யார் என்று இன்றுவரை தெரியாது. ஆனால் சுவர் யாருக்கு என்பது எல்லாருக்கும் தெரிந்திருந்தது. நானும் அந்தக் கூட்டத்தில் இருந்தேன், வாயைத் திறக்கவில்லை. மதுரை மாவட்டம் உத்தபுரத்தில் தலித் மக்களைத் தடுத்து நின்ற சுவரின் ஒரு பகுதியை 2008-ல் இடித்தார்கள். அந்தக் கொடுமையும் எங்கள் காம்பவுண்டும் ஒன்று என்று சொல்ல மாட்டேன். ஆனால் தமிழ்நாட்டில் ஒரு சுவர் தெருவை மறித்து நின்றால், அது யாரை நிறுத்துகிறது என்று ஒரு தடவையாவது கேட்டுக்கொள்ளும் கடமை நமக்கு உண்டு.

*நாம் என்ன பண்ணலாம்?*

பெரிசா ஒன்றும் இல்லை.

முதலில், உங்கள் வீட்டில் மனை வாங்கப் பேசுகிறார்களா? "ஸ்டேஷனிலிருந்து 5 நிமிஷம்" என்பதை நம்பாமல் நடந்து பாருங்கள். லேஅவுட் ப்ளானை விரித்து ரோடு எங்கே முடிகிறது என்று பாருங்கள். எல்லை வரை போய் நிற்கிறதா, மனையில் முட்டுகிறதா? எல்லை வரை போனால் நாளைக்கு இணைக்க வழி இருக்கிறது. மனையில் முட்டினால் முடிந்தது.

இரண்டாவது, அங்கீகாரம் பெற்ற லேஅவுட்டின் ரோடு ப்ரமோட்டர் சொத்து இல்லை, அசோசியேஷன் சொத்தும் இல்லை. தானப் பத்திரம் எழுதி உள்ளாட்சிக்குக் கொடுக்கப்பட்ட பொது ரோடு. அதன் குறுக்கே சுவர் வைக்கும் உரிமை யாருக்கும் கிடையாது. நிறையப் பேருக்கு இது தெரியாது. எனக்கும் தெரியாது, ப்ராஜெக்டுக்குப் படிக்கும்போதுதான் தெரிந்தது.

மூன்றாவது, கிராம சபை. வருஷத்துக்கு 6 தடவை நடக்கிறது, ஜனவரி 26, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2 எல்லாம் நமக்கு லீவு நாள்தான். புது லேஅவுட் வரும்போது அதன் ரோடு பக்கத்து ரோட்டோடு சேர வேண்டும் என்று ஒரு தீர்மானம் கேளுங்கள். அதற்கு ஒரு சிவில் ஸ்டூடண்ட் வந்து படம் போட்டுக் காட்டினால் பெரியவர்கள் கேட்பார்கள், கிண்டல் பண்ண மாட்டார்கள்.

நான்காவது, ஓபன்ஸ்ட்ரீட்மேப்பில் உங்கள் தெருவை வரையுங்கள். யார் வேண்டுமானாலும் திருத்தக்கூடிய மேப் அது. என் சிஎஸ்இ நண்பன் பைத்தானில் நம் பக்கத் தெருக்களை இழுத்துக் கொடுத்தபோது எங்கள் ஓட்டையைத் தேடினேன். இருந்த காலத்திலும் அது மேப்பில் இல்லை, அடைத்த பிறகும் இல்லை. தினமும் அத்தனை பேர் நடந்த வழிக்கு எங்கேயும் ஒரு பதிவுகூட இல்லை.

கடைசியாக அந்தச் சுவர் விஷயம். போன வாரம் பீரோவிலிருந்து எங்கள் லேஅவுட் ப்ளானைத் தேடி எடுத்தேன். நீலக் கலர் தாள், மடிப்பில் கிழிந்திருந்தது. எங்கள் தெரு அதில் எல்லைக் கோடு வரைக்கும் போகிறது. மனையில் முட்டவில்லை. அதாவது ப்ளான் போட்டவர் அந்தப் பக்கம் ஒரு நாள் ரோடு சேரும் என்று நினைத்துத்தான் வரைந்திருக்கிறார். சுவர் அந்தப் பொது ரோட்டின் வாயில் நிற்கிறது.

அப்பாவிடம் காட்டினேன். கண்ணாடியைப் போட்டுக்கொண்டு ரொம்ப நேரம் பார்த்தார். "இந்த ரோட்டைப் பஞ்சாயத்துக்கு எழுதிக் குடுத்துட்டாங்களா?" என்று கேட்டார். ஆமாம் என்றேன். தாளை மடித்து, பீரோவில் வைக்காமல், அசோசியேஷன் கணக்கு நோட்டுக்குள் வைத்தார். அடுத்த கூட்டம் அடுத்த மாசம். இந்தத் தடவை நான் வாயை மூடிக்கொண்டு உட்கார மாட்டேன்.

இதை டைப் பண்ணும்போது மணி பத்து இருபது. இன்றைக்கு அம்மாவுக்கு செகண்ட் ஷிஃப்ட். மாடியிலிருந்து பார்த்தால் பஸ்ஸின் ஹெட்லைட் தெரிகிறது. வண்டியை எடுத்துக்கொண்டு 1.7 கிலோமீட்டர் சுற்றிப் போய்க் கூட்டிவர வேண்டும்.

உங்கள் தெரு எங்கே முடிகிறது? நாளைக்குக் கடைசி வரை நடந்து போய்ப் பாருங்கள். அங்கே ஒரு சுவர் இருந்தால், அதற்கு அந்தப் பக்கம் என்ன இருக்கிறது என்று எட்டிப் பார்த்துவிட்டு வந்து எழுதுங்கள்.